எழுத்தில் நடக்கும் பரிசோதனைகள்

1829 மார்ச் மாதம் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அதற்கு நேரம் குறித்திருந்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியின் அதிபரான மிசனரி டானியல் பூவர் தாமும் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொடக்க நேரத்தில் 15 நிமிடமும், கிரகணம் நீடிக்கும் நேரத்தில் 24 நிமிடமும் பஞ்சாங்கத்தில் பிழை இருக்கிறது என்றார். செமினரியில் படித்தவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். பஞ்சாங்கம் பார்த்து நல்லது கெட்டது செய்யும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஆர் சொல்வது சரி என்று வாதாட வேண்டியிருக்கவில்லை. கிரகணம் வரும்வரை பொறுத்திருந்து வானத்தைப் பார்த்தார்கள். பூவரின் கணக்கே சரியாக இருந்தது.

மிசனரிமார் இதைத் தங்கள் வெற்றிக் கதையாக எழுதி வைத்தார்கள். பஞ்சாங்கத்தைச் சரித்தால் சமயமும் ஆட்டங்காணும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. பரம்பரை வாய்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கிரகண நாளைச் சரியாகச் சொல்லி, நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் தவறிய சாஸ்திரியாரும் லேசுப்பட்டவர் இல்லை என்பதை அவர்கள் எழுதவில்லை. அது கிடக்கட்டும். அந்த வகுப்பில் ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்தன, இரண்டையும் சோதித்துப் பார்க்க ஒரு வழியும் இருந்தது. ஏறக்குறைய 200 வருடத்துக்குப் பிறகு அதே குடாநாட்டின் விஞ்ஞான வகுப்புகளில் ஒரு விடைதான் இருக்கிறது. அது புள்ளித்திட்டத்தில் அச்சாகியிருக்கிறது.

அந்தக் கிரகணத்துக்கு நாலு வருடம் முன், 1825 இல், புதுச்சேரியில் ஜோன் வாரன் என்ற அதிகாரி ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, பேனா இல்லை. விடை வியக்கத்தக்க அளவுக்குக் கிட்ட வந்தது. ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள வானியல் கோட்பாடு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று வாரன் பதிவு செய்திருக்கிறார். ஏன் என்று தெரியாமலே எப்படி என்று பிசகாமல் செய்யும் ஆற்றல் அது. அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. எங்கள் ரியூசன் கொட்டில்களில் இன்றைக்கு வளர்க்கப்படுவதும் அதே ஆற்றல்தான், அதே திறமையோடுதான்.

உயர்தர விஞ்ஞானப் பிள்ளை ஒன்றிடம் வேணியர் இடுக்கிமானியின் பூச்சிய வழுவை எப்படித் திருத்துவது என்று கேட்டுப் பாருங்கள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். மீற்றர்ப் பாலத்தில் சமநிலைப் புள்ளி கம்பியின் நடுப்பகுதிக்குக் கிட்ட வரவேண்டும், சாவியை அழுத்தியபடி வைத்திருக்கக்கூடாது, கம்பி சூடேறித் தடை மாறிவிடும். எல்லாம் வரிசைப்படி வரும். பிறகு, கல்வனோமானியின் முள் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த முள் சாய்ந்ததை அவர்கள் கண்டதில்லை. பழைய வினாத்தாளில் முள் எப்போதும் ஒழுங்காகவே நிற்கும்.

இதற்குப் பிள்ளையிலோ ஆசிரியரிலோ குற்றம் பிடித்துப் பயனில்லை. இலங்கையின் க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரிசோதனை பற்றிய அறிவை அமைப்புக் கட்டுரை வினாக்கள் எழுத்தில் சோதிக்கின்றன. என்ன உபகரணம், என்ன முன்னெச்சரிக்கை, எந்த வரைபு, படித்திறனிலிருந்து எதைக் கணிப்பாய் என்ற இந்தக் கேள்விகளில் சில உண்மையிலேயே கெட்டித்தனமானவை. பரிசோதனை செய்த பிள்ளை அவற்றுக்கு நன்றாக விடை எழுதலாம். ஆனால் பரிசோதனை செய்யாமல் கடந்த 20 வருட வினாத்தாள்களைச் செய்த பிள்ளை இன்னும் விரைவாக எழுதும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கிடப்படுகிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போட்டியிடும் பிள்ளைக்கு இசற் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் வரும் மூன்றாம் இலக்கமும் முக்கியம். அந்த நிலையில் ஒரு தாய், ஆய்வுகூடத்தில் போகும் இரண்டு பாடவேளையை வீண் என்று நினைத்தால் அவர் கணக்குப் பிழையென்று சொல்ல என்னால் முடியவில்லை.

பிள்ளைகளும் கணக்குத் தெரிந்தவர்கள். வகுப்பில் யாராவது ஆசிரியர் புத்தகத்துக்கு வெளியே போனால் பின்வாங்கிலிருந்து குரல் வரும்: "சேர், இது சோதினைக்கு வருமோ?"

குடாநாட்டில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தைத் தெரியும். கடலும் உப்பேரியும் சேரும் இடம் அது. கண்டல், சேற்று நண்டு, உவர்நீர் மீன், வலசை வரும் பறவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப்போய் உயிரினங்களை அவை வாழும் இடத்திலேயே படிப்பிக்க வேண்டும் என்று விரும்பிய ஆசிரியர்களின் முயற்சி அந்த நிலையம். இன்று உயர்தரப் பிள்ளையிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அதன் நினைவுக்கு வருவது நண்டு அல்ல, வினாத்தாள். நிலையம் தயாரிக்கும் தவணைப் பரீட்சை வினாத்தாள்களும் மாதிரி வினாத்தாள்களும் வடக்கில் ஒவ்வொரு உயர்தர வகுப்பிலும் புழங்குகின்றன. இணையத்தில் தேடித் தரவிறக்குகிறார்கள். அந்த வினாத்தாள்களைப் பற்றி அவமரியாதையாகப் பேச எனக்கு மனம் வராது. ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருள்கூட வராமல் போன வருடங்கள் இந்தக் குடாநாட்டுக்கு இருந்தன. ஊதியம் எதிர்பாராமல் ஆசிரியர்கள் கூடி இருந்து உருவாக்கும் ஒரு நல்ல வினாத்தாளுக்கு உள்ள பெறுமதி அப்படிப்பட்ட ஊருக்குத்தான் தெரியும். ஆனாலும் ஒரு வெளிக்கள நிலையம் வினாத்தாளால் அறியப்படுகிறது என்பதில், எங்கள் விஞ்ஞானக் கல்வி போன வழி முழுவதும் இருக்கிறது.

புதிய முறை எதுவும் கடல் கடந்து வரவேண்டியதில்லை. அது 2007 இலேயே வந்துவிட்டது. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் அந்த ஆண்டு தேர்ச்சி மையப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர் வழிகாட்டிகளை ஐந்து ஈ மாதிரியில் அமைத்தது. அமெரிக்காவில் ரொட்ஜர் பைபீயும் சகாக்களும் 1980களின் பிற்பகுதியில் வகுத்த படிமுறை அது: பிள்ளையை ஒரு பிரச்சினையில் ஈடுபடுத்து, தேடியறிய விடு, கண்டதை விளக்கச் சொல், வேறு சூழலுக்கு விரிக்கச் சொல், மதிப்பிடு. ஆங்கிலத்தில் ஐந்தும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். வழிகாட்டியைத் திறந்தால் ஒவ்வொரு பாடமும் குழுச் செயற்பாட்டில் தொடங்கும். நடந்ததென்ன? பல இடங்களில் பிறிஸ்டல் போட் தாள்களில் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை அழகான எழுத்தில் பிரதி பண்ணி, முன்னுக்கு வந்து வாசித்து, சுவரில் ஒட்டினார்கள். தேடியறிதல் என்பது கடைக்குப் போய் மார்க்கர் பேனா தேடுவதோடு முடிந்தது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குக் கோப்பு நிரம்பியது. இறுதிப் பரீட்சை மட்டும் அசையவில்லை. ஆசிரியர்கள் அசையாத பக்கம் போய் நின்றார்கள், வேறென்ன செய்வார்கள்?

இப்படிப் பிள்ளை தானே தேடியறியும் வினவல் வழிக் கற்றலை எதிர்ப்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 2006 இல் கேர்ஷ்னர், சுவெலர், கிளார்க் என்ற மூன்று கல்வி உளவியலாளர்கள் எழுதிய கட்டுரை உலகம் முழுதும் சர்ச்சையைக் கிளப்பியது. அடிப்படை அறிவு இல்லாத பிள்ளையை வழிகாட்டாமல் கண்டுபிடி என்று விட்டால் அதன் மூளையின் தற்காலிக நினைவிடம் நிரம்பித் திணறும், கற்றல் நடக்காது என்பது அவர்கள் வாதம். பீசா என்ற சர்வதேச மாணவர் மதிப்பீட்டின் 2015 சுற்றிலும், வினவல் முறையை அடிக்கடி அனுபவித்ததாகச் சொன்ன மாணவர்கள் பெரும்பாலான நாடுகளில் விஞ்ஞானத்தில் குறைந்த புள்ளியே எடுத்திருந்தார்கள். இதைக் காட்டி, பாருங்கள், பழைய முறையே திறம் என்பார்கள் சிலர். ஆனால் 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து லசோண்டரும் ஹார்ம்சனும் 2016 இல் எழுதியது வேறு சித்திரத்தைத் தருகிறது. சரியான இடத்தில் ஆசிரியர் கைகொடுத்தால் வினவல் முறையில் பிள்ளைகள் நன்றாகவே கற்கிறார்கள். பிள்ளைகளை மேய விட்டுவிட்டு ஆசிரியர் கதிரையில் இருப்பது வினவல் இல்லை. அது ஆசிரியருக்கு விரிவுரையைவிடப் பாரமான வேலை. பாடத்தை முழுவதும் தெரிந்தவருக்கு மட்டுமே எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்றும் தெரியும்.

கிணற்றைக் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்று உண்டு. மற்றபடி நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கி நிற்கும் மழைநீரை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழைதான் வருடத்தின் பெரும்பங்கு. நிலத்துக்குள் இறங்கும் அந்த நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. இவ்வளவு வசதியான ஒரு விஞ்ஞானப் பிரச்சினை வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கும் வீட்டு முற்றத்தில் வாய்த்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

ஒரு தரம் 9 வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கேட்பது ஒரே கேள்வி: உங்கள் வீட்டுக் கிணறு நல்ல தண்ணியா, சவர்த் தண்ணியா, எப்படித் தெரியும்? வாயில் விட்டுப் பார்த்தால் தெரியும் என்பார்கள். சரி, இரண்டு கிணறும் கொஞ்சம் சவர் என்றால் எது கூடச் சவர்? இங்கேதான் அளவீடு தேவைப்படுகிறது. உப்புநீர் அடர்த்தி கூடியது, முட்டை மிதக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படியானால் மிதக்கும் கருவி ஒன்று செய்வோம். குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சி ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து, நன்னீரில் 10 சென்றிமீற்றர் அமிழும்படி செய்து, நீர்மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அதையே கடல்நீரில் விட்டால் கோடு கிட்டத்தட்ட 2½ மில்லிமீற்றர் மேலே வந்து நிற்கும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2½ வீதம் கூட என்பதால் அது கணக்காகவே வரும். பிள்ளைகளுக்குச் சந்தோசம். கருவி வேலை செய்கிறது.

இப்போது கிணற்றுத் தண்ணீரில் விடுங்கள். ஒன்றும் தெரியாது. கடல்நீரின் உப்பில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே நாக்குக்குச் சவர் தெரிந்துவிடும். ஆனால் உறிஞ்சி எழும்புவது ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு. பேனாக் கோட்டின் தடிப்பே அதைவிடக் கூட. நாக்கு கண்டுபிடித்ததைக் கருவி கண்டுபிடிக்கவில்லை.

நான் ஆசிரியராக இருந்தால் பாடத்தை இந்த இடத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பேன். பிள்ளைகள் கருவியைக் குறை சொல்லட்டும். மெல்லிய உறிஞ்சி எடுத்தால் என்ன? அடியில் பெரிய குமிழ் வைத்துக் கழுத்தை ஒடுக்கினால் என்ன? (கடையில் விற்கும் நீரமானி அந்த வடிவில்தான் இருக்கிறது. ஏன் அந்த வடிவம் என்று எங்களில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?) அல்லது அடர்த்தியை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்போமா? தண்ணீரைத் தகரங்களில் வற்றக் காய்ச்சி மிஞ்சுவதை நிறுக்கலாம் என்று ஒரு பிள்ளை சொல்லும். ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் வரை மிஞ்சும். கிணற்று நீரில் மிஞ்சுவது கொஞ்சம். அதை நிறுத்து எழுதியபின் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி: இது எல்லாம் உப்புத்தானா? வினாகிரி இரண்டு துளி விட்டால் சில தகரங்களில் நுரைக்கும். சுண்ணாம்பு. எங்கள் கேத்தல்களின் அடியில் படிகிற அதே வெள்ளை. ஆக நிறுத்த கணக்கிலும் பிழை கலந்திருக்கிறது. உப்பை மட்டும் பிரித்தறிய வேண்டும். இப்போது வெள்ளி நைத்திரேற்றுப் பற்றிப் பாடப்புத்தகத்தில் உள்ள பக்கத்தைத் திறந்தால், அதைப் பிள்ளை வேறு கண்ணோடு வாசிக்கும்.

பிரச்சினை தீர்க்கும் ஆற்றல் என்று பாடத்திட்ட ஆவணங்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான். முதல் வழி சரிவராமல் போக, ஏன் சரிவரவில்லை என்று அளந்து பார்த்து, இரண்டாவது வழியில் உள்ள ஓட்டையையும் கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு வகுப்புக்குத் தேவைப்பட்டவை உறிஞ்சி, களிமண், பழைய பால்மாத் தகரம், வினாகிரி. தராசு பாடசாலையில் இருக்கும்.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே கிணறு இன்னும் ஆழமாகப் போகும். நன்னீரின் அடர்த்தி 1, கடல்நீரின் அடர்த்தி 1.025. வித்தியாசம் 0.025. 1 ஐ 0.025 ஆல் வகுத்தால் 40. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நன்னீர் நிற்கும் என்பது இந்த வகுத்தலிலிருந்து வருகிறது. ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியாகக் கண்ட கணக்கு அது. இதையே திருப்பிப் போட்டால் பயம் வரும். பம்பு வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், உப்பு கீழிருந்து 40 அடி ஏறலாம். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் காரணம் அப்போது தானாக விளங்கும். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்து வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கட்டுக்கதை என்று ஆசிரியர் தள்ளிவிடத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல் நிலத்தடிக் குகைகளுக்குள் தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று அறிய நிலநீரியலாளர்கள் ஓர் இடத்தில் சாயம் கலந்து இன்னோர் இடத்தில் காத்திருப்பார்கள். தேசிக்காய்க் கதையும் அதே பரிசோதனையின் வடிவந்தான். பதிவு மட்டும் இல்லை: எத்தனை நாள் எடுத்தது, எத்தனை காய் போட்டார்கள், வேறு ஆரும் அதே நாளில் கீரிமலையில் தேசிக்காய் போடவில்லை என்று எப்படித் தெரியும்?

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பிரச்சினை பல வருடமாக ஆய்வுக்கட்டுரைகளில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை என்று வகுத்த எல்லையை மீறும் கிணறுகள் அங்கே உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவும், மலசலகூடக் குழிகளும், இடையில் தடுக்க மண் அதிகம் இல்லாத வெடிப்புச் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த வினை. கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று வீட்டில் அம்மாமார் நம்புகிறார்கள். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக்கு? தண்ணீர் ஆவியாகிப் போக நைத்திரேற்று போகாமல் நிற்கும், செறிவு கூடும். இதை ஒரு தரம் 10 பிள்ளை தானே அளந்து அறிந்து வீட்டில் போய்ச் சொன்னால், அந்த வீட்டில் அன்றைக்கு நடக்கும் விவாதத்தைக் கேட்க எனக்கு ஆசை.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்டபோது பெரியவர்களே இந்தப் பாடத்தை வீதியில் படிக்க நேர்ந்தது. 2014, 2015 இல் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள மக்கள் தண்ணீரில் எண்ணெய்ப் படலத்தைக் காட்டினார்கள். ஒரு பக்கம் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள், இன்னொரு பக்கம் வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை, இரண்டும் ஒத்துப்போகவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என்று தீர்ப்பாகியது. இடைப்பட்ட வருடங்களில் ஊர்ச்சனம் இந்த அறிக்கையை நம்புவதா, அந்த அறிக்கையை நம்புவதா என்று ஆளைப் பார்த்தும் கட்சியைப் பார்த்தும் முடிவு செய்தது. எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், மழைக்கு முன்னமா பின்னமா, மேற்பரப்பிலா அடியிலா மாதிரி எடுத்தார்கள் என்று கேட்ட குரல்கள் மிகக் குறைவு. உயர்தர விஞ்ஞானத்தில் உயர்ந்த சித்தி எடுத்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது.

ஏலாமல் போன இனம் இல்லை

இதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு வராது என்று சொல்பவர்களிடம் 1990களைப் பற்றிக் கேட்கவேண்டும். போர். பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி எல்லாம் தடைப்பட்ட அல்லது மட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரி போட்டு எரித்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டார்கள். பெற்றோலில் ஓடவேண்டிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய். ஏன் அந்தச் சில துளி வேண்டும்? குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது. சூடு வந்தபின் ஆவியாகும். ஆவிப்பறப்பையும் வெப்பநிலையையும் பாடமாகப் படிக்காத மெக்கானிக்மார் அதைச் செய்து, சரிவராமல், மாற்றி, மறுபடி செய்து பிடித்தார்கள்.

தேவை வந்தால் தானாக வரும் ஆற்றல் என்று இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஊர் தலைமுறைக்கொரு முற்றுகை கண்டுதான் கெட்டிக்காரத்தனத்தை வளர்க்கவேண்டும் என்றால் பாடசாலை எதற்கு? அந்த மெக்கானிக்கின் கையில் இருந்த முறை எழுதப்படவில்லை, வகுப்புக்குள் வரவில்லை. தடை நீங்கி மின்சாரம் வந்ததும் விளக்கோடு சேர்த்து அதையும் பரணில் போட்டோம்.

முறையை எழுதிவைத்து, செய்யவைத்தும் படிப்பித்ததற்குக் குடாநாட்டுக்குள்ளேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1847 இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பிக்கத் தொடங்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அவரிடம் படித்தவர்கள் நோயாளியின் பக்கத்தில் நின்று படித்தார்கள். புத்தகம் வாட்டுக்குள் இருந்தது.

அப்படிப் படிப்பிக்கப் பரீட்சையும் இடம்தர வேண்டும். பரீட்சை மாறாமல் வகுப்பு மாறாது என்பதற்கு இந்தியாவில் நல்ல சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972 இல் 16 கிராமப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் பாடப்புத்தகத்துக்குப் பதில் பரிசோதனை வழிகாட்டி. பிள்ளைகள் செய்து, பதிந்து, விவாதித்து முடிவுக்கு வரவேண்டும். அந்தத் திட்டத்தார் ஆரம்பத்திலேயே ஒரு காரியம் செய்தார்கள்: பரீட்சையையும் மாற்றினார்கள். பிள்ளை தன் கொப்பியையும் புத்தகத்தையும் திறந்து வைத்து எழுதலாம், கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லாமல் போனது. 15 மாவட்டங்களில் ஏறத்தாழ 1,000 பாடசாலைகள் வரை பரவி, 2002 இல் மாநில அரசின் உத்தரவு ஒன்றோடு அது நின்றது. முப்பது வருடம் ஓடியது ஏன், ஒரு கையெழுத்தில் நின்றது ஏன் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். வகுப்பறையில் அது வேரூன்றியது, அதிகாரம் எப்போதும் வேறிடத்தில் இருந்தது.

கொழும்பில் இப்போது மறுபடி கல்விச் சீர்திருத்தம். தரம் 1, தரம் 6 என்று தொடங்கி அலகு முறையில் பாடங்கள் வரும் என்று 2025 இல் அறிவித்தார்கள். வரட்டும். ஆனால் குடாநாட்டு விஞ்ஞான ஆசிரியர்கள் எவருடைய சுற்றறிக்கைக்கும் காத்திராமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று அவர்கள் கையிலேயே இருக்கிறது. இறுதிப் பரீட்சை வினாத்தாள் பத்தரமுல்லையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் தீர்மானிக்கப்படலாம். தொண்டைமானாறு வினாத்தாள் இங்கே தயாராகிறது. பிள்ளைகள் அதற்கு எவ்வளவு பயந்து படிக்கிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

தவணைக்கு ஒரேயொரு வினா அதில் இப்படி வந்தால் போதும்: உமது வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை இந்தத் தவணையில் வாரம் ஒருமுறை அளந்து பெற்ற தரவை அட்டவணையாகத் தருக. அளவீட்டில் ஏற்பட்ட வழுவுக்கான ஒரு காரணத்தைக் கூறுக. அயல் கிணறு ஒன்றின் தரவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு இரண்டு விளக்கங்களை முன்வைத்து, அவற்றுள் எது சரி என்பதைச் சோதிக்க நீர் செய்யும் பரிசோதனையை விவரிக்க. 15 புள்ளிகள். இதற்குப் புள்ளித்திட்டம் எழுதுவது கஷ்டம், திருத்துவதும் கஷ்டம். இரண்டு பிள்ளைகளின் விடை ஒன்றாக இருந்தால் ஒருவர் மற்றவரின் கிணற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று மட்டும் உடனே தெரிந்துவிடும். ரியூசன் வாத்திமார் இதற்கும் ஒரு மாதிரி விடை அச்சடித்து விற்கத்தான் பார்ப்பார்கள். அப்படியென்றாலும் அவர்களில் யாராவது ஒருவர் கயிறும் கல்லும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு கிணற்றடிக்குப் போயாக வேண்டும்.